கம்பெனி செய்ததைவிட அழகான கிரைஸ்லர்

அமெரிக்கப் பழைய கார் ஏல வீடியோக்களில் 1957 கிரைஸ்லர் 300சி கன்வெர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) மேடைக்கு வந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். மொத்தமே 484 வண்டிகள்தான் செய்தார்கள். அதில் ஒன்று அடிமுதல் நுனிவரை புதுப்பிக்கப்பட்டு சிவப்பில் பளபளவென்று உருண்டு வரும்போது, ஏலம் போடுபவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "புதிதாக வந்தபோது இருந்ததைவிட நன்றாக இருக்கிறது." கூட்டம் கைதட்டும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1955இல் 300 குதிரைத்திறன் கொண்ட சி-300ஐ கிரைஸ்லர் இறக்கியது. பெயரே அந்த எண்ணிலிருந்து வந்ததுதான். படகு மோட்டார் தொழிலதிபர் கார்ல் கீக்ஹாஃபர் இந்த வண்டிகளை வைத்து 1955, 1956 இரண்டு ஆண்டும் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களை அள்ளினார். 1957இல் வந்த 300சி-யில்தான் முதன்முதலாகக் கூரை மடங்கும் மாடல். 6.4 லிட்டர் ஹெமி இஞ்சின் (எரியும் அறை அரைக்கோள வடிவில் இருப்பதால் அந்தப் பெயர்), இரட்டை கார்புரேட்டர், 375 குதிரைத்திறன். உள்ளே பழுப்புத் தோல் இருக்கை. விலை 5,000 டாலருக்கு மேல், அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம்.

சரி, இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது? அவசர அவசரமாக. கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த அந்த உயர்ந்த வால் துடுப்புகளைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது உண்மை. ஆனால் 1957 கிரைஸ்லர் கம்பெனி வண்டிகள் என்றாலே மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், சில வருஷத்தில் துரு அரிக்கும், முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி முறியும் என்று பெயர் கெட்டுப்போனது.

இன்று மேடையில் நிற்கும் வண்டியில் கதவு இடுக்கு முழுக்க ஒரே அளவு. பெயிண்டில் முகம் பார்க்கலாம், மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு வேறு! 1957இல் அது ஏது? நான் பார்ப்பது ஒரு நல்ல டிங்கரிங் கலைஞரின் இந்த நூற்றாண்டு வேலையை. அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் அதை "ஒரிஜினல்" என்று விற்காதீர்கள்.

துருப்பிடித்ததை என்ன செய்வது என்பீர்கள். வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். கூரை இல்லாத வண்டிக்கு வலு முழுவதும் அடியில்தான், அங்கே பட்டி போட்டு மூடினால் உயிருக்கே ஆபத்து. நான் கேட்பது அதற்கு அப்புறம் நடக்கும் மெருகேற்றலைப் பற்றி. குறை கண்டால் மதிப்பெண் வெட்டும் கண்காட்சி நடுவர்களும், அந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஏறும் விலையும்தான் இதைத் தூண்டுகின்றன. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் புதுப்பிக்காமல் காப்பாற்றிய வண்டிகளுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால்தான் ஐம்பதுகளின் வண்டி நிஜமாக எப்படி இருந்தது என்று தெரியும்.

இன்னொரு வேடிக்கை. 300சி-யின் தானியங்கி கியருக்கு லீவர் கிடையாது, ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் ஐந்து பட்டன்கள். அதில் 'பார்க்' என்று ஒன்று இல்லவே இல்லை. மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டியதுதான், அதுவும் சக்கரத்தைப் பிடிக்காது, பின்னால் போகும் டிரைவ் ஷாஃப்டைப் பிடிக்கும். இந்தக் குறையை யாரும் திருத்துவதில்லை. திருத்தினால் வண்டியின் குணம் போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் கோணலான கதவு இடுக்கு மட்டும் என்ன பாவம் செய்தது?

எனக்குப் பிடித்த ரெஸ்டொரேஷன் வேறு. அடுத்த வருஷ 300டி-யில் பெண்டிக்ஸ் கம்பெனியின் எலக்ட்ரோஜெக்டர் என்ற, கார்புரேட்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பைச் சில வண்டிகளில் பொருத்தினார்கள். அன்றைய எலக்ட்ரானிக் பாகங்கள் இஞ்சின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான வண்டிகளில் கம்பெனியே அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. அதன் காப்புரிமை பின்னர் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கைக்குப் போனது. இன்று நம் வண்டிகளில் இருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தத் தோற்றுப்போன பெட்டியைத் தேடிப் பிடித்து, மறுபடி மாட்டி, ஓட வைக்கப் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்புரேட்டரே போதும், நிம்மதியாக ஓடும் என்று தெரிந்தும் செய்கிறார்கள். என்னிடம் காசு இருந்தால் கண்ணாடி போல மின்னும் சிவப்பு வண்டியை விட்டுவிட்டு, அப்படி ஒன்றுக்குத்தான் கை தூக்குவேன்.