படை நகர்வு பற்றி ஒரு நீளமான பதிவு (கேம்தான், பயப்பட வேண்டாம்)

தலைப்பைப் பார்த்துவிட்டு இன்பொக்ஸில் விசாரிக்க வர வேண்டாம். ட்ராவியன் மாதிரியான ஓன்லைன் வியூக விளையாட்டுகளில் நாங்கள் அனுப்புகிற படைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். விளையாடாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் ஒருமுறையாவது மட்டக்களப்பு வாவியில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது விளையாடாமலேயே விளங்கும்.

இப்போது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ராவியனில் வரைபடம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். என் ஊரிலிருந்து எதிரியின் ஊர் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்து, படையில் ஆக மெதுவாகப் போகிறவனின் வேகத்தால் வகுத்து, போய்ச்சேரும் நேரத்தைச் செக்கன் சுத்தமாகக் காட்டும். சாதாரண வேகச் சேர்வரில் ரோமானியர்களின் லெஜியனயர் மணிக்கு 6 கட்டம் நடப்பான். கோல் இனத்தின் வேகமான குதிரைவீரன் 19 கட்டம் ஓடுவான். மதிலையும் கட்டடத்தையும் உடைக்கிற கல்லெறி பொறி 3 கட்டம்தான் உருளும். 60 கட்டம் தள்ளி இருக்கிற ஊருக்கு, வேகத்தைக் கூட்டும் கட்டடம் எதுவும் இல்லையென்றால், குதிரைப்படை தனியே மூன்று மணித்தியாலம் சொச்சத்தில் போய்விடும். அதோடு ஒரேயொரு பொறியைச் சேர்த்துவிட்டாலும் 20 மணித்தியாலம். அனுப்பிய 90 செக்கனுக்குள் மனம் மாறினால் திருப்பி அழைக்கலாம். அதற்குப் பிறகு போய் அடித்து, மிஞ்சினவன் வீட்டுக்கு வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

2004இல் பிரௌசரில் ஓடத் தொடங்கிய விளையாட்டுக்கு இந்த எளிமை சரி. ஆனால் அதற்கும் முன், 1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டிலேயே ரோந்து போகச் சொல்லலாம், ஒருவனைப் பின்தொடரச் சொல்லலாம், வழியில் புள்ளி புள்ளியாகக் குறித்துவிட்டு அதன்படி நடக்கச் சொல்லலாம். அது ஒரே இருப்பில் ஆடி முடிக்கிற ஆட்டம், இது மாதக்கணக்கில் இழுபடுகிற ஆட்டம், இரண்டும் ஒன்றில்லை என்று சொல்வீர்கள். சரி. ஆனால் மாதக்கணக்கில் ஆடுகிற ஆட்டத்தில்தானே வழி முக்கியம்?

எனக்குள்ள பெரிய மனக்குறை தண்ணீர். ஏரி, மலை, காடு எல்லாம் படத்தில் அழகாக வரைந்திருக்கும், படை அதையெல்லாம் கணக்கிலேயே எடுக்காமல் நேரே போகும். மட்டக்களப்பில் பிறந்த ஒருவன் இந்த விளையாட்டைச் செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டான். குருமண்வெளித் துறையில் நின்று பாருங்கள், மண்டூர் அக்கரையில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஆனால் பாதை அந்தப் பக்கம் நிற்கிறதென்றால் காத்திருக்க வேண்டும், ஓடவில்லையென்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். வந்த பாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஏறினதும் சனம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், இடம் காணாவிட்டால் மிச்சப் பேர் அடுத்த தடவைதான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதும் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரில் ‘கிட்ட’, ‘தூரம்’ இரண்டையும் வாவிதான் தீர்மானிக்கும்.

இதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவரலாம். ஆறும் வாவியும் உண்மையிலேயே வழியை மறிக்கட்டும். கடக்க இரண்டு வழி இருக்கட்டும், ஒன்று துறை, மற்றது பாலம். துறையில் ஒரு தடவைக்கு இத்தனை வீரர்தான் என்று அளவு வைக்க வேண்டும். பெரிய படை வந்தால் பகுதி பகுதியாகத்தான் கடக்கும். பாதிப்பேர் இக்கரை, பாதிப்பேர் அக்கரை என்று நிற்கிற அந்த இடைவெளியில் சின்னப் படையோடு வருகிறவன் பெரிய படையை அடித்துவிட்டுப் போகலாம். இப்போது உள்ள ஆட்டத்தில் எண்ணிக்கை கூடினவனோடு நேரே மோதிச் சின்னவன் வெல்லவே ஏலாது, புதிதாகச் சேருகிற பொடியன்கள் கொஞ்ச நாளிலேயே வெறுத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறார்கள். துறை ஒன்று இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

பாலத்தைக் கூட்டணி சேர்ந்து மரமும் இரும்பும் போட்டுக் கட்டட்டும், எதிரி உடைக்கட்டும், மறுபடி கட்டட்டும். கடக்கிறவனிடம் தீர்வை வாங்கலாமா என்பதைக் கட்டினவன் முடிவுசெய்யட்டும். இதனால் நிலத்தின் பெறுமதியும் மாறும். இப்போது எல்லாரும் 15 தானிய வயல் உள்ள இடத்துக்குத்தான் அடிபடுகிறோம், ஏனென்றால் படைக்குச் சோறு அங்கேதான். துறைக்குப் பக்கத்து ஊருக்கும் அதே அளவு போட்டி வர வேண்டும். 1628இல் போர்த்துக்கீசர் கோட்டை கட்ட எங்கள் புளியந்தீவைத்தான் பிடித்தார்கள், சுற்றிவரத் தண்ணீர். பத்து வருடத்தில் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைப் பறித்தது வேறு கதை, ஆனால் இடத்தைத் தேர்ந்தவனின் கணக்குப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

அடுத்தது, நடுவழியில் திருப்புவது. 90 செக்கன் போதாது என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் நினைத்த நேரம் திருப்பலாம் என்று விட்டாலும் கெட்டுவிடும். பத்து ஊருக்குப் பொய்த் தாக்குதல் அனுப்பி, எதிரி பதறி உதவிப்படை கூப்பிட்டதும் எல்லாவற்றையும் திருப்பிவிடுவார்கள், செலவே இல்லாத விளையாட்டாகிவிடும். என் யோசனை தூதன். திருப்பு என்று நான் அமத்தினால் ஊரிலிருந்து ஒரு குதிரைக்காரன் புறப்பட வேண்டும், அவன் படையை எட்டிப் பிடித்த பிறகுதான் கட்டளை செல்லும். படை தூரம் போகப் போகத் தூதனுக்கும் நேரம் எடுக்கும், குதிரைப்படை என்றால் பிடிக்கவே மாட்டான். வழியில் எதிரி அவனை மறித்தால் சொன்ன சொல் போய்ச் சேராது. ஒரு பயணத்துக்கு ஒரு தூதன்தான். தூதன் செத்தால் படை தன் பாட்டுக்குப் போகும், நான் ஊரில் இருந்து தலையில் கைவைக்கலாம்.

கடைசியாக நித்திரை. மத்திய ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் குளிர்காலத்தில் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. அவன் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக அடிக்கிற நேரம் நாங்கள் போர்வைக்குள். கல்முனையில் இருக்கிற எங்கள் கூட்டணிக்காரன் போன் எடுத்து, “மச்சான் எழும்பு, வரிசையா வாறான், படையை வெளியால எடு, மறுகா படு” என்று சொல்வான். எடுத்துவிட்டுப் படுத்தால் விடியக் கண் எரிச்சலோடு வேலைக்குப் போக வேண்டும். இதற்கு மருந்து, புறப்படும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கிற வசதி. இன்ன நேரம் போய்ச்சேர வேண்டும் என்று நான் சொன்னால் எப்போது கிளம்புவது என்று அதுவே பார்த்துக்கொள்ளட்டும். கூட்டணியில் ஐந்து பேர் ஐந்து ஊரிலிருந்து அனுப்பி ஒரே நிமிடத்தில் இறங்கவும் அது உதவும்.

இதை எதிர்க்கிறவர்கள் சொல்வது, அப்படியென்றால் செக்கன் பார்த்து அனுப்புகிறவனின் திறமைக்கு என்ன மரியாதை என்று. எனக்கு அது திறமையாகத் தெரியவில்லை. அலாரம் வைத்து எழும்புகிறவனும், விதியை மீறி பொட் (தனக்குப் பதிலாக ஆடுகிற மென்பொருள்) போடுகிறவனும் வெல்கிறார்கள், அவ்வளவுதான். வேண்டுமானால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படைக்கு மேல் குறிக்க முடியாது என்று வைக்கட்டும். குறித்த நேரத்தில் ஒரு நிமிடம் முன்பின் தடுமாற்றமும் வைக்கட்டும், அப்போது செக்கன் பார்த்துக் கையால் அனுப்புகிறவனின் இடம் அவனுக்கே இருக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். இந்த நேரம் குறிப்பதையோ தூதனையோ காசு கொடுத்து வாங்கும் தங்கக் கணக்குக்குள் பூட்ட வேண்டாம். டொலர் போகிற போக்கில் டொரொன்டோவில் இருக்கிற மச்சான் வாங்குவான், அக்கரைப்பற்றில் டேட்டா கார்ட் போட்டு விளையாடுகிறவன் வாங்க மாட்டான். உடுப்பு, கொடி, குதிரையின் நிறம் எதையாவது விற்கட்டும், அதை நானே வாங்குவேன். வழியும் நேரமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படைக்கு வழிச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது பற்றியும் யோசனை இருக்கிறது. இப்போது எவ்வளவு தூரத்தில் நடந்தாலும் தானியம் சொந்த ஊரிலிருந்துதான் கழிகிறது, அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை எழுதினால் இன்னும் இதே அளவு நீளும். முதலில் துறையைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள், முக்கியமாக ஒரு தடவைக்கு எத்தனை வீரர் என்று வைப்பது. நான் 500 என்கிறேன், கல்முனைக்காரன் 200க்கு மேல் கூடாது என்று நிற்கிறான்.