சுட்டது காகிதத்தைங்க

சனிக்கிழமை நான் போட்ட படம் என்ன பாடுபட்டது என்று உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து கமெண்டுகளைப் போய்ப் படிக்க வேண்டாம், மனசு கெட்டுப்போகும். இங்கிலாந்தில் பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்துப் புல்தரையில் குப்புறப் படுத்து, பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியால் குறிபார்க்கிறேன். அவ்வளவுதான் படம். அதை யாரோ ஒரு புண்ணியவான் என்னைக் கேட்காமல் எடுத்து இங்குள்ள தமிழ்ப் பள்ளி வாட்ஸப் குழுவில் போட, "இவரா நம்ம பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லித் தருகிறார்?" என்று ஒருவர் ஆரம்பிக்க, தூங்கப் போவதற்குள் நான் பயங்கரவாதி ஆகிவிட்டேன். மறுநாள் காலையில் பள்ளியிலிருந்து போன். "ரெண்டு வாரம் வராம இருங்க சார், சூடு ஆறட்டும்."

நான் சுட்டது காகிதத்தை. 300 கெஜத்துக்கு அப்பால் சட்டத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை. அதற்கு உயிரும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை.

"அமெரிக்காவில் நடக்கிற துப்பாக்கிச் சூட்டையெல்லாம் பார்க்கவில்லையா?" என்கிறார்கள். பார்த்தேன். ஆனால் நான் இருப்பது இங்கிலாந்தின் சர்ரேயில். இங்கே உரிமம் கேட்டால் போலீஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும். நம்மைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், டாக்டர் எழுதித் தர வேண்டும், துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது வரை உரிமத்தில் எழுதியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து. 1987இல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் பெரிய ரைபிள்களைத் தடை செய்தார்கள். டன்பிளேன் பள்ளிக்கூடக் கொடுமைக்குப் பிறகு, 1997இல் கைத்துப்பாக்கியும் போயிற்று. பெரிய ரைபிள்களில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் என்னுடைய கிழடைப் போல ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது பின்பக்கத் தண்டை, கையால் இழுத்துத் தள்ள வேண்டியவைதான்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டீர்களா? நாளில் பாதி பசை வேலை. இலக்குகளுக்குக் கீழே கான்கிரீட் பள்ளம் இருக்கிறது, முறை வைத்து எல்லோரும் அங்கே நிற்க வேண்டும். ஒருவர் சுட்டதும் இலக்கைக் கீழே இறக்கி, ஓட்டை எங்கே என்று பார்த்து, அதில் வட்டத் தகடு ஒன்றைச் செருகி மேலே ஏற்றினால் சுட்டவருக்குத் தன் குண்டு விழுந்த இடம் தெரியும். பழைய ஓட்டைக்குத் துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கியது போல முதலில் ஒரு 'பட்'. அது குண்டு ஒலியை முந்திப் போகிற சத்தம். துப்பாக்கி வெடித்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். விரலெல்லாம் பசையோடு மாவுச் சட்டிக்குள் கைவிட்டவன் மாதிரி நின்றேன். அந்தப் படத்தைப் போட்டிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

சரி, எல்லாரும் லைக் போட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். "ஜாலியன்வாலா பாகில் சுட்ட துப்பாக்கி இது, உனக்கு வெட்கமாக இல்லையா?"

ஆமாம், அதே ரகம்தான். 1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயரின் ஆட்கள் 1,650 குண்டுகளைத் தீர்த்தது இந்த .303 ரைபிள்களில்தான். எனக்கு யாரும் சரித்திரப் பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம் 1962இல் சீனனுக்கு எதிராக நம் ஜவான்கள் பனியில் ஏந்தி நின்றது எதை? இதைத்தான். வங்காளத்து இஷாப்பூரில் நம் ஊர்த் தொழிலாளிகள் செய்ததும் இதைத்தான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடைகொடுத்தது. இரும்பை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? ரயிலையும் வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான், பாண்டியனில் ஏறாமலா ஊருக்குப் போகிறீர்கள்? (ரயில் ஆளைக் கொல்ல வந்ததில்லை என்று ஒருவர் வருவார். வரட்டும்.)

எங்கள் தாத்தா ஆயுதப்படைக் காவலர். அவருக்கு இது 'த்ரீ நாட் த்ரீ'. கருவூல வாசலில் இதைத் தோளில் சாய்த்துக்கொண்டே பாதி ஆயுள் நின்றவர். துப்பாக்கியைப் பற்றி அவர் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சொன்னதெல்லாம் ஒரே கதைதான். சுடும் பயிற்சி முடிந்து எண்ணும்போது சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்று குறைந்ததாம். மொத்தப் படையும் இருட்டும் வரை கருவேலங்காட்டுக்குள் முள் குத்தக் குத்தக் குனிந்து தேடியிருக்கிறது. கடைசியில் அது ஒருவருடைய மடித்த சட்டைக் கைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒரு பித்தளைக் குழாய்க்கு இத்தனை கணக்கா என்று சிரிப்பார். நான் கல்லூரி என்.சி.சி.யில் ஊசி கழற்றிய டிரில் துப்பாக்கியைத் துடைத்தபோது, குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில் கந்தல் துணியை எப்படி மடித்துக் கோர்ப்பது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பிஸ்லியில் போல்ட்டைக் கையில் பிடிக்கும்போது எனக்கு டயர் ஞாபகம் வருவதில்லை. தாத்தாதான் வருகிறார். இது உங்களுக்குப் புரியவில்லை என்றால் நான் என்ன செய்வது?

நம் ஆட்களின் அகிம்சையையும் கொஞ்சம் பேசுவோம். போன பொங்கல் விழாவில் பிள்ளைகள் மேடையில் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு குத்துப்பாட்டுக்கு ஆடினார்கள். யார் விசில் அடித்தது? தீபாவளிக்கு ரோல் கேப்பும் துப்பாக்கியும் வாங்கித் தரக் கேட்டு அழாதவர்கள் அந்தக் குழுவில் யார்? கடலூரில் பிறந்த ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினால் அதே குழுவில் வரிசையாகக் கைதட்டல் படம். அவர் கையில் இருந்தது கரண்டியா? 2022இல் திருச்சி ரைபிள் கிளப்புக்கு அஜித் வந்தபோது ஊரே திரண்டது. அவர் சுட்டால் தல, நான் சுட்டால் தறுதலை.

எனக்கு வலித்தது அதுவல்ல. சனி, ஞாயிறு என்று பார்க்காமல் ல, ள, ழ சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒரு பைசா வாங்கியதில்லை. என்னை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட "இது என்ன சார்?" என்று எனக்கு ஒரு வரி அனுப்பவில்லை. நேராகக் குழுவில் தீர்ப்பு. கிளப்பில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர்களோ, தெர்மாஸிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தாத்தா எந்தப் படைப்பிரிவு, எந்த மாதிரித் துப்பாக்கி என்று உட்கார்ந்து கேட்கிறார்கள். யார் சொந்தம், யார் அந்நியம் என்று எனக்கே குழம்புகிறது. இப்படி எழுதினால் 'வெள்ளைக்காரனுக்குக் காவடி' என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்று கவலைப்பட்ட அம்மாக்களுக்கு: உங்கள் கவலை நியாயம். என் துப்பாக்கி பள்ளிக்கூடப் பக்கம் வந்ததில்லை, வராது. இதற்கு மேல் என்ன சொல்ல? ரெண்டு வாரம் வர வேண்டாம் என்பதை எழுத்தில் தரச் சொல்லிப் பள்ளியைக் கேட்டிருக்கிறேன், தரமாட்டேன் என்கிறார்கள். அதனால் இந்த ஞாயிறு வகுப்புக்கு வருவேன். அடுத்த மாதம் பிஸ்லிக்கும் போவேன், படமும் போடுவேன்.

அப்புறம், "மான் வேட்டைக்கும் போவீங்களாண்ணா?" என்று இன்பாக்ஸில் வந்து உயிர்களின் வலி பற்றி நாலு பத்தி எழுதிய தம்பிக்கு: இல்லைப்பா, நான் சைவம். உன் டைம்லைனில் மேலேயே மட்டன் பிரியாணி இருக்கிறது.