டீவா வேற, ப்ரீமா டோனா வேற!

இதோடு மூன்றாவது தடவை. நான் எழுதிக் கொடுத்த சப்டைட்டிலைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஒரு பாடகியைப் பற்றிய ஆவணப்படம். கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகை, கண் கலங்கி, தொண்டை அடைக்க, "ஷீ இஸ் எ டீவா" என்கிறாள். "அவங்க தெய்வம்" என்று எழுதியிருந்தேன். இப்போது அங்கே இருப்பது: "அவள் திமிர் பிடித்தவள்." அழுகிற முகத்துக்குக் கீழே அந்த வரி! ஐந்து நிமிடம் கழித்து மேலாளர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பாடகியை "ப்ரீமா டோனா" என்கிறார். "ரொம்பத்தான் பிகு பண்ணுறா" என்ற என் வரியை எடுத்துவிட்டு, "முதன்மை நாயகி" என்று மாலை மரியாதையோடு போட்டிருக்கிறார்கள். வாழ்த்து வசையாகி, வசை வாழ்த்தாகிவிட்டது. கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே, அகராதியில அப்படித்தான் இருக்கு" என்று பதில்.

ஒண்ணு இல்லைங்க! இரண்டும் இத்தாலியின் ஓப்பரா என்ற இசை நாடக மேடையிலிருந்து வந்தவை, அதோடு சரி. ப்ரீமா டோனா என்றால் முதல் பெண்மணி. குழுவில் முதன்மைப் பெண் வேடத்தைப் பாடுகிறவரின் இடம் அது. அவருக்கு அடுத்தபடியாகப் பாடுகிறவரை 'செகோண்டா டோனா' என்றே சொல்வார்கள். டீவா அப்படி நிர்வாகம் கொடுக்கும் இடம் இல்லை. கேட்டவர்கள் மெய்மறந்து சூட்டுவது. லத்தீனில் பெண் தெய்வம் என்று பொருள். நாம் சொல்லும் 'தேவி'யும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

இன்றைய ஆங்கிலத்தில் டீவா இரண்டு பக்கமும் சாயும். சொல்கிறவர் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ப்ரீமா டோனா ஓப்பராவைத் தாண்டிவிட்டால் அநேகமாக வசைதான். முறுக்கிக்கொண்டு திரியும் கால்பந்து வீரரைக்கூட அப்படித் திட்டுவார்கள். அவருக்கும் 'முதன்மை நாயகி'தானா?

ஓப்பரா பாடகி மரியா காலஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் அவரை 'லா டிவீனா', தெய்வீகமானவள், என்று கொண்டாடினார்கள். 1958 ஜனவரி 2, ரோம். இத்தாலியக் குடியரசுத் தலைவரே வந்து உட்கார்ந்திருந்த அரங்கு. குரல் எழும்பாமல் முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். திமிர் என்று பத்திரிகைகள் கிழித்தன. தொண்டை போன மனுஷி வேறு என்னதான் செய்வாள்? பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் ஜெயித்தது அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கெட்ட பெயர் போகவே இல்லை.

என் படத்தின் உயிரும் இதுதானே! ஒரே பெண்ணை ஒருத்தி கும்பிடுகிறாள், ஒருவன் கரித்துக்கொட்டுகிறான். இரண்டு வரியையும் புரட்டிப்போட்டால் படத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

இரண்டையும் பழையபடி மாற்றி அனுப்பிவிட்டேன். இன்னொரு தடவை கை வைத்தால், படத்தின் கடைசியில் வரும் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.