குடும்பத் தொடராம்!

ராத்திரி எட்டு மணி சீரியலுக்குப் பெயர் ‘குடும்பத் தொடர்’. நேற்று அதில் மாமியார் பாயசத்தில் விஷம் கலந்தார். வாயில் இட்லியோடு என் ஆறு வயது மகள், “அந்தப் பாட்டி ஏம்மா சிரிக்கிறாங்க?” என்கிறாள். என்னத்தைச் சொல்ல?

சரி என்று சுட்டி டிவிக்கு மாற்றினால், அத்தை “கீச்சுக் குரல் காதைக் குடையுது” என்று எழுந்து போய்விடுகிறார். பெரியவர்களுக்கு விஷம், சின்னவர்களுக்குக் கார்ட்டூன். நடுவில் ஒன்றுமே இல்லையா? அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி வந்தால், தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய பாட்டும் வரும், புதுப் பாட்டும் வரும், யாரும் எழுந்து போனதில்லை.

இப்போது ரிமோட் சோபாவுக்கு அடியில். ஒளித்து வைத்தது அத்தையா மகளா, தெரியவில்லை.