பைக் ஓட்டும் நான் காருக்கு ஓட்டுப் போட்ட கதை

அண்ணன் மகளுக்கு 18 வயதாகிவிட்டது. முதல் வண்டி பைக்கா, காரா என்று வீட்டில் கொஞ்ச நாளாகவே பஞ்சாயத்து. அவள் பைக் கட்சி. அண்ணனும் அண்ணியும் கார் கட்சி. நான்காவது ஓட்டு என்னுடையது. அவள் போட்ட கணக்கு எளிமையானது: அத்தை தினமும் பைக்கில் போகிறவள், அத்தை ஓட்டு எங்கே போய்விடும்? "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேட்பாரு" என்றாள். நான் அண்ணனைக் கூப்பிட்டு, கார் வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குத் துரோகி பட்டம்.

என் தரப்பை முழுசாகச் சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள். லைக் போடமாட்டாள், அது வேறு விஷயம்.

பைக் மேல் எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து தானாகத் திரும்பும். சொன்னால் நம்பமாட்டார்கள், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அது உடம்புக்குப் பிடிபட்ட நாளின் சந்தோஷம் எந்தக் காரிலும் கிடைக்காது. அவள் பெண் என்பதற்காகவும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணனுக்கு மகன் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

விஷயம் முதல் வருடத்தைப் பற்றியது. புதிதாக ஓட்டுகிற யாரும் தப்பு செய்யாமல் இருக்க முடியாது. வளைவுக்குள் வேகமாக நுழைவார்கள், முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போவார்கள், பிரேக்கைத் தாமதமாக அழுத்துவார்கள். இதே தப்புகளைக் காரில் செய்தால் பெரும்பாலும் பம்பர் அடி வாங்கும். பைக்கில் செய்தால் முழங்கால் வாங்கும், அதிர்ஷ்டம் இருந்தால்.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். காரில் ஒரே மிதி. பயந்துபோய் முழு பலத்தோடு மிதித்தாலும் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் கையில் இருக்கும். பைக்கில் முன்னுக்கு ஒரு பிரேக், பின்னுக்கு ஒரு பிரேக். அவசரமாக நிறுத்தும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முன் பிரேக் என்றால் பயம். தூக்கி எறிந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். பாரம் குறைந்துபோன பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். அல்லது பதற்றத்தில் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிப்பார்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதன் முடிவு தரைதான். சரியான முறை என்னவென்றால், முன் பிரேக்கை முதலில் மெதுவாகப் பிடித்து, டயர் தரையில் அமுங்கிய பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும். எழுதுவதற்கு ஒரு வரி. ஆபத்து கண்முன் வரும்போது கை இதைத் தானாகச் செய்ய மாதக்கணக்கில் பழக வேண்டும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். ஆபத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்தால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 25 மீட்டர் போய்விடும். அந்த 25 மீட்டருக்குப் பிறகுதான் ஓட்டுபவரின் திறமையே ஆரம்பமாகிறது.

அப்புறம் வளைவு. கொஞ்சம் வேகமாக வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கண் எங்கே போகும்? சாலையோரத் தடுப்பின் மேல் போகும். கண் போகிற பக்கம்தான் பைக்கும் போகும். இன்னும் சாய்த்தால் சுலபமாகத் திரும்பிவிடக்கூடிய வளைவில்கூட, புதியவர்கள் தடுப்பையே பார்த்துக்கொண்டு நேராகப் போய் இடிப்பார்கள். இதைத் திருத்த பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை. ஈரமான வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, வளைவின் நடுவில் கிடக்கும் ஒரு கை மணல் இதெல்லாம் காரில் போகிறவர் கண்ணிலேயே படாது. பைக்கில் அதுதான் அன்றைய தலையெழுத்து.

"நான் நிதானமாத்தான் ஓட்டுவேன் அத்தை" என்கிறாள். ஓட்டுவாள், நம்புகிறேன். அவளை ஒழுங்காகப் பார்க்காத மற்றவர்களை யார் நிதானமாக்குவது?

இதுபற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படுகிற பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு இன்னொரு வண்டியோடு மோதியவை. அந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, எதிராளி வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதல்வரை பைக்காரருக்குக் கிடைத்த நேரம், சராசரி விபத்தில், இரண்டு நொடிக்கும் குறைவு. அவள் கவனிக்க வேண்டிய வரி இன்னொன்று: விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள்.

பார்த்தும் பார்க்காமல் வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்திப்பில் ஒரு கார் நிற்கும். ஓட்டுபவர் நம் பக்கம் திரும்புவார். நம் கண்ணையே பார்ப்பார். பார்த்துவிட்டார் என்று நாம் நிம்மதியாகும் நொடியில் கிளம்பி நம் பாதையில் வந்து நிற்பார். கேட்டால், சத்தியமாகப் பார்க்கவில்லை என்பார். அவர் பொய் சொல்லவும் இல்லை. மனிதக் கண் இடமும் வலமும் தாவித் தாவித்தான் பார்க்கிறது. தாவும் நேரத்தில் பார்த்தது மூளையில் பதிவாவதில்லை. போதாததற்கு காரின் முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். நான் இப்போதெல்லாம் ஓட்டுபவரின் கண்ணைப் பார்ப்பதே இல்லை. அந்தக் காரின் முன்சக்கரத்தைப் பார்க்கிறேன். சக்கரம் உருண்டால் கார் வருகிறது என்று அர்த்தம். இதெல்லாம் ஒரு நாளில் வருகிற பழக்கம் இல்லை. இது வருவதற்குள் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

எண்ணிக்கை சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பாள். இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்கக் கணக்குப்படி, ஓடும் தூரத்துக்கு வைத்துப் பார்த்தால், காரில் போகிறவரைவிட பைக்கில் போகிறவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை, சாலை விபத்தில் உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் இறப்பதாகவும், 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு அதுவே முதல் காரணம் என்றும் சொல்கிறது. இறப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் இரண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் போனவர்கள்.

இனி அவள் பக்கத்து வாதங்கள். எரிபொருள் மிச்சம், உண்மை. நிறுத்த இடம் தேட வேண்டாம், உண்மை. வாங்கும் விலை குறைவு, அதுவும் உண்மை. ஆனால் பைக்கின் விலையோடு தரமான ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஹெல்மெட்டை நன்றாக ஒரு முறை அடிபட்டால் மாற்றியே ஆக வேண்டும். சங்கிலிக்கு 500, 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். டயர் காரை விடச் சீக்கிரம் தேயும். மிச்சம் இருக்கிறது, அவள் நினைக்கிற அளவு இல்லை.

"பைக் ஓட்டிப் பழகினவங்க நல்லா கார் ஓட்டுவாங்க" என்பது அவளுடைய பிரம்மாஸ்திரம். இதை நான்தான் எப்போதோ சொல்லிக் கொடுத்தேன், இப்போது என் மேலேயே விடுகிறாள். பைக்காரர்கள் சாலையை வாசிக்கிற விதம் வேறுதான். மணலைப் பார்ப்பார்கள், கதவு திறக்கப்போகும் காரைப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பாடத்தை முடித்து வெளியே வந்தவர்களை மட்டும் வைத்துச் சொல்லும் வாதம் அது. நடுவிலேயே நின்றுபோனவர்கள் வந்து எதிர்வாதம் செய்யப்போவதில்லை. சாலையை வாசிக்கக் காரிலும் கற்கலாம், கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. "பைக்ல நான் தப்பு பண்ணா பெரும்பாலும் எனக்குத்தான் அடி. கார்ல தப்பு பண்ணா ரோட்ல நடந்து போறவங்களுக்கு அடி. அது பரவாயில்லையா?" பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை 18 வயசுக்காரியிடம் கொடுக்கிறோம். 50 கிலோமீட்டரில் போவதை 70இல் போனால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அது யார் மேல் மோதினாலும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவள் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், பெற்றவர்கள் முதல் வருடம் நிபந்தனை போடுவதும்தான் பாதிப் பதில்.

காரென்றால் எந்தக் காரும் சரி என்று நான் சொல்லவில்லை. சத்தமான எஞ்சின், ஐந்து இருக்கை, ஐந்திலும் நண்பர்கள், இரவு பன்னிரண்டு மணி என்றால் அதற்கு பைக்கே தேவலை. இளம் ஓட்டுநரோடு அதே வயது நண்பர்கள் ஏற ஏற விபத்து வாய்ப்பு கூடுகிறது. இதனால்தான் நியூசிலாந்து 1987இலேயே படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்தது: ஆரம்பத்தில் இரவில் தனியாக ஓட்டக்கூடாது, பெரியவர் துணையில்லாமல் நண்பர்களை ஏற்றக்கூடாது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. சட்டம் இல்லாத இடத்தில் வீட்டிலேயே போடலாம். அண்ணனிடம் இந்த இரண்டு நிபந்தனைகளைச் சொன்னதும் நான்தான். துரோகி பட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணன் பளபளப்பான புது கார் தேடுகிறான். நான் சொல்வது, பழையதாக இருக்கட்டும், வண்டி வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி இருக்கட்டும். 1995இல் விலையுயர்ந்த மெர்சிடிஸில் வந்த கருவி, இப்போது பழைய சின்ன கார்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. வாங்கும் முன் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் மேலிருக்கும் பள்ளங்கள் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் வயதான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. பெயின்ட்டுக்குப் பாலிஷ் போட்டு விற்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுவார்கள்.

கார் வாங்கவே வழியில்லாத வீடுகள் நிறைய. பைக்தான் முடியும் என்றால் பைக்தான், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சின்ன எஞ்சின், ஏபிஎஸ், முறையான பயிற்சி மூன்றும் வேண்டும். மாமா சொல்லிக்கொடுத்தார், நண்பன் சொல்லிக்கொடுத்தான் என்பதெல்லாம் பயிற்சி ஆகாது. முதல் சில மாதம் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டி இறுக்க வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. பட்டை போடாத ஹெல்மெட் அடிபடும் முன்பே கழன்று போய்விடும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அவளிடம் நான் சொன்னது, இரண்டு வருடம் கார் ஓட்டு, அப்புறம் பயிற்சி வகுப்பில் நானே சேர்த்துவிடுகிறேன், என் பழைய ஜாக்கெட் உனக்கு. அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. இப்போது வீட்டில் அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது: அவளுக்கு கியர் வண்டி வேண்டுமாம், அண்ணன் ஆட்டோமேட்டிக் என்கிறான். கை கியரைத் தேடாமல் கண் சாலையிலேயே இருக்கும் என்பதால் இதிலும் நான் அண்ணன் பக்கம்தான். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.