கால்வாய் வெட்டினால் மணிச்சத்து போய்விடுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே, மாண்டுரா ஊரை ஒட்டி இருக்கிறது பீல்-ஹார்வி கழிமுகம். 1994-இல் அங்கே கழிமுகத்தைக் கடலோடு இணைக்க வெட்டிய டாஸ்வில் கால்வாயைத் திறந்ததைப் பெரிய வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

1970-களின் கடைசியிலிருந்து அங்கே நொடுலாரியா என்ற நச்சுப் பாசி மண்டி, கரையில் நிற்க முடியாத நாற்றம். வேர் எங்கே என்றால், சுற்றியுள்ள மேய்ச்சல் நிலத்தில். வெறும் மணல் அது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டால்தான் புல் வளரும். ஆனால் மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் இரும்பும் அலுமினியமும் அந்த வெளுத்த மணலில் மிகக் குறைவு. அப்புறம் பருவம். கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும், மே முதல் செப்டம்பர் வரை, அதாவது அவர்களுடைய குளிர்காலத்தில், மழை கொட்டும். மழைக்குச் சற்று முன்னால் உரத்தைத் தூவினால், புல் முளைத்து வேர் விடுவதற்குள் கணிசமான பகுதி கரைந்து வடிகால் வழியே ஆற்றில் சேர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் அதைத் தின்று வளரும் நுண்பாசிகள் செத்து அடியில் அழுகும். அடிநீரில் ஆக்சிஜன் தீரும். உடனே சேற்றில் இருந்த மணிச்சத்து மறுபடி நீருக்கு ஏறும். நொடுலாரியாவுக்குத் தழைச்சத்தை (நைட்ரஜன்) யாரும் தர வேண்டியதில்லை, காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து மட்டும் கிடைத்தால் போதும், வசந்தத்தின் கடைசியில் தண்ணீரே பச்சை.

சுமார் இரண்டரை கிலோமீட்டர் கால்வாய் கடல்நீரை உள்ளே விட்டதும் உப்பு ஏறியது, பெரிய நீர்ப்பரப்பில் நொடுலாரியா அடங்கியது. இல்லை என்று சொல்லவில்லை. (கூடவே ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவது அதிகமாகி, உப்புச் சதுப்பில் கொசு பெருகியது தனிக்கதை.) ஆனால் செர்ப்பென்டைன், முர்ரே ஆறுகளின் கீழ்ப்பகுதியில் பாசியும் மீன் சாவும் நிற்கவில்லை. கழிமுகத்தில் சேரும் மணிச்சத்தை ஆண்டுக்கு 75 டன்னுக்குள் அடக்க வேண்டும் என்று 1992-இலேயே விதி போட்டார்கள். கால்வாய் வந்துவிட்டது, அந்த இலக்கு மட்டும் வரவில்லை.

விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. 1963-இல் சூப்பர் பாஸ்பேட்டுக்கு மானியம் கொடுத்து 'போடு, போடு' என்றதே அரசுதான். இன்று அந்த நிலங்களைச் சோதித்தால் பெரும்பாலானவற்றில் மணிச்சத்து தேவைக்கு மேலேயே இருக்கிறது. பல இடங்களில் குறை சாம்பல் சத்திலும் (பொட்டாசியம்) கந்தகத்திலும்தான்; இல்லாவிட்டால் மண் அமிலமாகிப் புளித்துப்போய்ச் சுண்ணாம்பு கேட்கிறது. அங்கே போய் இன்னொரு மூட்டை சூப்பரைக் கொட்டுவது காசைக் கரைத்து ஆற்றில் விடுவதுதான்.

மண் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் அந்த மணல் நிலங்களுக்குச் சூப்பர் விற்கக் கூடாது என்பேன். கோபப்படுவார்கள், படட்டும். பரிசோதனைச் செலவை அரசே ஏற்கட்டும். கால்வாய்க்குக் கொட்டிய பணத்தோடு பார்த்தால் அது கொசுறு.