ஒற்றை ஆள்தானே என்கிறார்கள்

"அவனுக்கென்ன, ஒற்றை ஆள்தானே!" பாகப்பிரிவினை பேசும் வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் தம்பிகளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குடும்பத்து நிலம் முழுவதையும் பார்த்துக்கொள்கிற மனிதரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் மோட்டார் போட எழுந்து போவது யார்? பிள்ளை குட்டி இல்லாத அவர்தான். கன்று ஈனும் மாட்டுக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் அவரே. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் அவருடைய அறை புதுத் தம்பதிக்குப் போய்விடுகிறது. கட்டில் உர மூட்டை அடுக்கிய அறைக்கு நகர்கிறது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சட்டை மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்கிறார்.

பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்தால் அண்ணிதான் பார்க்கிறார். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது பாசத்தையா காட்ட முடியும்? நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கேட்பார்கள். பட்டாவோ இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், இல்லையென்றால் அண்ணன் பெயரில். விளைந்ததெல்லாம் பொதுக் கணக்குக்குப் போய்விடுவதால் கையிலும் காசு நிற்பதில்லை. முடிவெட்டிக்கொள்ள அண்ணனிடம் காசு கேட்கும் ஐம்பது வயதுக்காரர்களை எனக்குத் தெரியும்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. மணமாகாதவருக்குக் குறைத்துக் கொடு என்று அதில் எங்கும் இல்லை. "கடைசியில் எங்கள் பிள்ளைகளுக்குத்தானே வரப்போகிறது, எதற்குத் தனிப்பட்டா?" என்று கேட்கிறவர்களும் சட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த ஒற்றை ஆள் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கு முதலில் தாய்க்கு. தாய் இல்லையென்றால் தகப்பனுக்கு. இருவரும் இல்லாதபோதுதான் உடன்பிறந்தவர்களுக்கு, அதுவும் அக்கா தங்கைகளையும் சேர்த்து. உடன்பிறந்தவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தாலும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தம்பி மகனுக்கு நேரடியாக ஒன்றும் வராது.

ஆகவே அவர் பங்கைத் தனியாக அளந்து உட்பிரிவு செய்து இப்போதே அவர் பெயருக்கு மாற்றுங்கள். சேர்ந்தே சாகுபடி செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? விற்ற பணத்தில் அவருக்கு உரியது அவருடைய வங்கிக் கணக்கில் விழட்டும். உயில் எழுத நினைத்தால் அவருக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் செல்லும், பதிவும் கட்டாயமில்லை. யாருக்கு எழுதுகிறார் என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.